சைரன் அடித்தால் செருப்பைத் தேடக் கூடாது

ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் என் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே பஞ்சுத் தூசி பக்கமே போகக் கூடாது" என்றார். நான் தலையை ஆட்டினேன். அந்தத் தூசியை விட்டால் எனக்கு வேறு பிழைப்புத் தெரியாது என்பதை அவரிடம் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வதே எனக்குப் பெரும்பாடு. கேட்காததை எங்கே சொல்வது?

ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. பிறகு ராஜபாளையத்தில், காயத்துக்குக் கட்டுகிற துணியும் பஞ்சும் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். பஞ்சைப் பிரித்துச் சீவுகிற மிஷின்தான் என் இடம். வேலை முடிந்து வெளியே வந்தால் புருவம் வரை வெள்ளையாக இருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் கொஞ்சம் தள்ளி உட்காருவார். மூச்சு இழுக்கத் தொடங்கிய பிறகு மாடிப்படி ஏறுவதே பெரிய வேலையாகிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கிப் பழகினேன்.

கம்பெனிக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே இன்னோர் இடம் இருக்கிறது. மிஷின் கிடையாது. ஒரு பெரிய கூடம், நீள நீளமான மேசைகள். ராஜபாளையத்திலிருந்து வரும் துணியைப் பெண்கள் சுருட்டி, உறையிலிட்டு, பெட்டியில் அடுக்குவார்கள். ஊருக்குள் மடவார் வளாகம் பகுதியில் இருக்கும் என் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்விடலாம். டாக்டர் எழுதிக் கொடுத்ததைக் காட்டியபோது அந்த இடத்து மேலாளர் என்னை அங்கே மாற்றிக்கொண்டார். இரக்கப்பட்டு மட்டும் அல்ல. அவருக்கும் ஓர் ஆள் தேவைப்பட்டது.

எங்கள் சரக்கை வாங்கும் பெரிய கம்பெனி ஒரு நிபந்தனை போட்டிருந்தது. தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று தொழிலாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒவ்வோர் இடத்திலும் ஒருவர் இருக்க வேண்டும். அவர் சொல்லிக்கொடுத்தது ஆட்களுக்கு ஏறியிருக்கிறதா என்று அந்தக் கம்பெனிக்காரர்களே வந்து சோதித்துப் பார்ப்பார்கள். உற்பத்தியில் இருக்கிற எவரும் அந்த வேலையைத் தொட விரும்பவில்லை. மிச்சம் இருந்தது நான்.

மேலாளர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் வந்தால் எங்களிடமும் அது தெறிக்கும். அன்றைக்குக் கோபமில்லாமல் தெளிவாகவே சொன்னார். "இங்க பாருய்யா. வாங்குறவங்க வந்து பாத்துட்டு சரின்னு சொன்னா நீ இங்கேயே இருக்கலாம். சரியில்லன்னா எனக்கு உன்ன வச்சுக்க வழியில்ல. திரும்ப மிஷினுக்குத்தான் போகணும்."

வீட்டில் சொன்னபோது என் மனைவி சிரித்தாள். "வீட்டுலயே வாயத் தொறக்காத மனுசன். ஒங்களப் போயி பேசுற வேலைக்குப் போட்டிருக்காகளே, அவியளுக்கு வேற ஆளே கெடைக்கலயா?" பிறகு என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். சிரிப்பு நின்றுவிட்டிருந்தது.

முதல் வகுப்பில் நான் மின்விசிறியைப் பார்த்துப் பேசினேன். எதிரில் அத்தனை பெண்கள். என் குரல் எனக்கே கேட்கவில்லை. முதல் மேசையில் துணி சுருட்டும் அக்கா, "அண்ணே, தீப்பிடிச்சிருக்கது ஃபேன்லயா?" என்று கேட்டார். கூடமே சிரித்தது. அந்த அக்கா என்னைவிட மூத்தவரா இளையவரா என்று எனக்குத் தெரியாது. அவர் என்னை அண்ணே என்பார், நான் அவரை அக்கா என்பேன்.

தொழிலாளிகளின் விவகாரங்களைக் கவனிக்க ஒரு பெண் அதிகாரி இருந்தார். எங்கள் ஊர்தான், படித்தவர், வயதில் என்னைவிட மிகவும் சின்னவர். எல்லோருக்கும் அவர் மேடம். ராஜபாளையத்திலிருந்து அனுப்பிய படங்களை அவர் சுவரில் ஒளிபாய்ச்சிக் காட்டினார். விளக்கை அணைத்ததும் பாதிப் பேர் கண்ணயர்ந்துவிட்டார்கள். விடிவதற்கு முன்பே எழுந்து சமைத்து வைத்துவிட்டு வருகிறவர்கள். இருட்டும் காற்றும் கிடைத்தால் யாருக்குத்தான் தூக்கம் வராது?

"இது வேலைக்காகாதுண்ணே" என்றார் மேடம். "நாமளே ஒண்ணு பண்ணுவோம். இவங்களுக்கு என்னென்ன தெரியணும்ங்கிறத விடுங்க. சைரன் அடிச்சா இவங்க என்ன செய்யணும், அத மட்டும் சொல்லுங்க."

இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். கையில் இருப்பதைப் போட வேண்டும். வாசல் வழியாக வெளியே போக வேண்டும். முன்னால் இருக்கும் சிமெண்டுத் தளத்தில், 'கூடும் இடம்' என்று பலகை நட்டிருக்கும் இடத்தில் நிற்க வேண்டும். மறுபடி உள்ளே போகக் கூடாது. அவ்வளவுதான். நீளமாகப் பேச எனக்கு வராது என்பதால் கேள்வியும் பதிலுமாக அமைத்துக்கொண்டோம். காலையில் வேலை தொடங்கும் முன் நான் கேட்பேன், அவர்கள் சொல்வார்கள். சில நாட்களில் அது ஒரு ராகமாகவே ஆகிவிட்டது.

"சைரன் அடிச்சா?"

"கையில உள்ளதப் போடணும்!"

"போட்டுட்டு?"

"வெளிய போகணும்!"

"எதையாவது எடுக்கணுமா?"

"எதையும் எடுக்கக் கூடாது!"

எனக்கு மனசுக்குள் கொஞ்சம் தெம்பு வந்தது. யாரை நிறுத்திக் கேட்டாலும் பதில் வந்தது. வாங்குகிறவர்கள் வந்து கேட்டாலும் இதே பதில்தானே வரும்? மிஷினுக்குப் போக வேண்டியதில்லை என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

மேடம் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "கேட்டா சொல்லுவாங்கண்ணே. செய்வாங்களான்னு பாக்கணும்ல?"

எனக்கு அது பிடிக்கவில்லை. சரியாகப் போய்க்கொண்டிருப்பதை ஏன் கிளற வேண்டும் என்று தோன்றியது. வேலை கெடும் என்று மேலாளர் முதலில் மறுத்தார். பிறகு, சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் ஒருமுறை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. யாரிடமும் சொல்லாமல் சைரனை அடித்தோம்.

நான் வெளியே பலகைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். மேடம் கையில் கைபேசியைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். மேலாளர் மாடியில், கைப்பிடிச் சுவருக்குப் பின்னால். உள்ளே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. பெண்கள் வேகமாகத்தான் வந்தார்கள். கையில் துணி இல்லை, பை இல்லை. வாசல் வரை வந்தார்கள்.

வாசலில் நின்றுவிட்டார்கள்.

கட்டுத்துணி சுத்தமாக இருக்க வேண்டும் என்பதால் எங்கள் கூடத்துக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. எல்லோருடைய செருப்பும் வாசலில் கிடக்கும். முதலில் வந்தவர் குனிந்து தன்னுடையதைத் தேடினார். அடுத்தவரும் தேடினார். பின்னால் வந்தவர்களுக்கு முன்னால் என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. தள்ளினார்கள். "ஏட்டி, நகருட்டி!" "எம் செருப்பு மேல நிக்கியே, காலத் தூக்கு!" "இந்தா, இது ஒன்னோடதா?" முதல் மேசை அக்கா நெரிசலில் தடுமாறிப் படியில் விழுந்தார். சைரன் அலறிக்கொண்டே இருந்தது. உள்ளே இன்னும் பாதிப் பேர். உண்மையிலேயே துணியில் தீப்பற்றியிருந்தால் அந்தப் பாதிப் பேர் என்ன ஆகியிருப்பார்கள்?

மேலாளர் மேலிருந்து கத்தினார். "ஏமய்யா, இதேனா டிரெய்னிங்கு?" பிறகு தமிழில், "இதுதானா டிரெய்னிங்கு? இத்தன நாளா பாட்டா பாடிட்டு இருந்தீங்க?" என்றார்.

அக்காவின் முழங்காலில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. நான்தான் மருந்து போட்டுக் கட்டினேன். அவர் எப்போதும் போலக் கேலி பேசவில்லை. அது எனக்கு மேலாளரின் கத்தலைவிடக் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். வாங்கும் கம்பெனியிலிருந்து ஆள் வருவது ஆடி மாதம் என்று தகவல் வந்திருக்கிறது. என்றைக்கு என்று சொல்லமாட்டார்கள். "அதுக்குள்ள சரி பண்ணு. இல்ல, உன் மிஷினு அங்கதான் இருக்கு" என்றார்.

சரி பண்ண எனக்குத் தெரிந்த ஒரே வழி இன்னொரு கேள்வியைச் சேர்ப்பது. "செருப்பத் தேடலாமா?" "தேடக் கூடாது!" சத்தமாகச் சொன்னார்கள். சில நாள் கழித்து ஒரு மேசையை மட்டும் வைத்து ஒத்திகை பார்த்தோம். வாசலுக்கு வந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்தார்கள். குனிந்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. வெளியே காட்டத் தெரியாத கோபம். உயிரைவிடச் செருப்பு பெரிதா? இவர்களுடைய ஒரு ஜோடிச் செருப்புக்காக நான் மறுபடி அந்தத் தூசிக்குள் போய் விழ வேண்டுமா? அன்று சாயங்காலம் சைக்கிளை மிதிக்க முடியவில்லை, தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனேன். மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "மிஷினுக்குன்னு சொன்னாகன்னா வேண்டாம்னு வந்துருங்க. கஞ்சியக் குடிச்சுக் கெடப்போம்" என்றாள். சொன்னாளே தவிர, அவள் குரல் அவளுக்கே நம்பிக்கை தரவில்லை.

மேடம் அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு வாசல் தாழ்வாரத்தில் பெண்களோடு போய் உட்கார்ந்தார். என்னையும் வரச் சொன்னார். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். மேடம் சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டார். "ஏன்க்கா, வேண்டாம்னு வாயால சொல்றீங்க. வாசலுக்கு வந்ததும் கால் நிக்குதே, ஏன்?"

ஒருத்தி இன்னொருத்தியை இடித்தாள். "ஏட்டி, சொல்லேன்." "நீ சொல்லு." முதல் மேசை அக்கா கையைக் கழுவிவிட்டு வந்தார்.

"நான் சொல்லுதேன். மேடம் சூ போட்டுக்கிட்டு நிக்கீக. அண்ணன் செருப்போட நிக்காரு. நாங்க வெறுங்காலோட அந்த சிமெண்டுத் தரையில போயி நிக்கணும். உச்சி வெயிலு. அதுல எம்புட்டு நேரம் நிக்கச் சொல்லுதீக? எண்ணி முடிக்க வரைக்கும் நிக்கணும்லா?" என்னைப் பார்த்துத் திரும்பினார். "அண்ணே, செருப்பக் கழட்டிட்டு ஒருக்கா போயி அந்தப் பலகை கிட்ட நின்னு பாருங்க. நின்னுட்டு வந்து பொறவு கேள்வி கேளுங்க, நாங்க பதில் சொல்லுதோம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தப்பிக்க வழியில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நடந்தேன். பலகையை நெருங்கும்போதே பாதம் பொறுக்கவில்லை. ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்தேன். பிறகு இரண்டு காலும் தரையில் நிற்கவில்லை. குதித்துக்கொண்டே நிழலுக்கு ஓடி வந்தேன்.

"டிரெய்னிங்கு நல்லாருக்கு!" என்று யாரோ கத்த, தாழ்வாரமே விழுந்து விழுந்து சிரித்தது. மேடம் சாப்பிட முடியாமல் புரையேறச் சிரித்தார். எனக்குக் காது வரை சுட்டது. ஆனால் கோபம் போய்விட்டது. இத்தனை நாளும் அவர்களுக்கு என்ன தெரிகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பலகையை அங்கே நட்டது சரியா என்று ஒருவரையும் கேட்கவில்லை. ராஜபாளையத்திலிருந்து வந்த வரைபடத்தில் அங்கே புள்ளி வைத்திருந்தது, நட்டுவிட்டோம்.

உள்ளே போட்டுக்கொள்ள எல்லோருக்கும் ரப்பர் செருப்பு வாங்கித் தரலாமா என்று மேடம் கேட்டுப் பார்த்தார். அதற்கு மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும், ஆடிக்குள் நடக்காது என்றார் மேலாளர். கட்டடத்துக்குப் பின்னால் மதிலை ஒட்டி இரண்டு வேப்பமரங்கள் நிற்கின்றன. மண்தரை, நாள் முழுவதும் நிழல். அங்கே கூடினால் யாருக்கும் செருப்பு வேண்டாம். கூடத்திலிருந்து நேராக அங்கே போக ஒரு பின்கதவும் இருக்கிறது. ஆனால் நான் வந்த நாளிலிருந்து அது தாழிட்டு, பூட்டுப் போட்டு, காலிப் பெட்டிகள் அடுக்கியபடிதான் இருந்தது. சரக்கு அந்த வழியாக வெளியே போய்விடும் என்ற பயம்.

மேலாளரிடம் நாங்கள் இருவரும் போனோம். மேடம் பேசினார். மேலாளர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், ஆனால் முடியாது என்கிற ஆட்டம். "அந்தக் கதவத் தொறந்து வச்சிட்டு, நான் வாசல்ல உக்காந்து பெட்டி எண்ணவா?"

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உள்ள மட்டும் தாப்பா போட்டுக்கலாம் சார்" என்றேன். "பூட்டு வேண்டாம். நான் அந்தக் கதவுக்குப் பக்கத்துலயே உக்காந்துக்கிடுதேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு பெட்டி கொறஞ்சாலும் உன்னத்தான் கேப்பேன்."

"சரி சார்."

மறுநாளே காலிப் பெட்டிகளை அகற்றினோம். பலகையைப் பிடுங்கி வேப்பமரத்தடியில் நட்டோம். கேள்வி பதிலை நிறுத்திவிட்டோம். அதற்குப் பதிலாக, நினைத்த நேரத்தில் சைரன். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு தலைவி. மரத்தடிக்கு வந்ததும் அவர் தன் மேசை ஆட்களைப் பார்த்து எண்ணி, "முழுசா இருக்கோம்" என்று குரல் கொடுக்க வேண்டும். யாராவது குறைந்தால், யாரும் உள்ளே போகக் கூடாது. முன்பக்கம் தீயணைப்புக் கருவியோடு நிற்கும் ஆட்களிடம் சொல்ல வேண்டும், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மேடம் கைபேசியில் நேரம் பார்ப்பார். நான் மரத்தடியில் நின்று வருகிறவர்களைப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் வேகம் கூடியது. முன்வாசலில் செருப்புகள் அப்படியே கிடந்தன. ஒருவர்கூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஆடி பிறந்ததும் எனக்குத் தூக்கம் போனது. வாசலில் எந்தக் கார் நின்றாலும் எழுந்து போய் எட்டிப் பார்ப்பேன். பெண்களுக்கோ வேறு நினைப்பு. ஆடிப்பூரத் தேர் நெருங்கிக்கொண்டிருந்தது. யார் யாருக்கு லீவு, எந்த வீட்டுக்கு எத்தனை விருந்தாளி என்பதுதான் பேச்சு. "அண்ணே, அவிய தேரன்னிக்கு வந்தா சைரன நீங்களே அடிச்சு நீங்களே ஓடிக்கோங்க" என்றார் அக்கா.

வாங்கும் கம்பெனியின் ஆள் தேருக்கு முன்பே வந்தார். கோயம்புத்தூர்ப் பேச்சு, அமைதியான மனிதர். காலையில் வந்தவர் உடனே எதையும் கேட்கவில்லை. கூடத்தைச் சுற்றிப் பார்த்தார், பின்கதவின் தாழைத் தானே திறந்து மூடிப் பார்த்தார், டீ குடித்தார், மேலாளரோடு மாடியில் போய் உட்கார்ந்தார். நான் பின்கதவுக்குப் பக்கத்தில் என் நாற்காலியில் இருந்தேன். நேரம் நகரவில்லை. பெண்கள் துணி சுருட்டிக்கொண்டே என்னை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். என் பாடு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

சைரன் அடித்தது.

நான் தாழைத் தள்ளிக் கதவைத் திறந்தேன். பெண்கள் எழுந்தார்கள். துணி மேசையிலேயே உருண்டது. ஒரு சத்தம் இல்லை, ஒரு தள்ளல் இல்லை. வெறுங்காலோடு மண்ணில் இறங்கி, மரத்தடியில் மேசை மேசையாக நின்றார்கள். வாங்கும் கம்பெனிக்காரர் மாடிப்படி இறங்கி வருவதற்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள். எனக்குச் சந்தோஷத்தில் கண் மங்கியது.

"முழுசா இருக்கோம்!" என்றது ஒரு மேசை. "முழுசா இருக்கோம்!" அடுத்தது. அக்காவின் முறை வந்தது. அவர் எண்ணினார். மறுபடி எண்ணினார். அவர் முகம் மாறியது.

"ஒண்ணு கொறையுது."

குறைந்தது, ஆலங்குளம் பக்கத்திலிருந்து புதிதாகச் சேர்ந்திருந்த பெண். என்னைப் போலவே அதிகம் பேசாதவள்.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். நானே சொல்லிக்கொடுத்தது. முன்பக்கத்து ஆட்களிடம் சொல்ல வேண்டும். அதற்கென்று ஓர் ஆள் தயாராக ஓடவும் தொடங்கியிருந்தாள். ஆனால் என் கால் கதவுக்குள் போய்விட்டது. பின்னால் அக்கா "அண்ணே!" என்று கூப்பிட்டது கேட்டது. நிற்கவில்லை.

கூடம் காலியாக இருந்தது. சைரன் சுவருக்குச் சுவர் மோதியது. மேசைக்கு அடியில் பார்த்தேன். துணி அடுக்கின் பின்னால் பார்த்தேன். கழிப்பறைக் கதவைத் தட்டினேன். பேர் சொல்லிக் கத்தினேன். இருமல் பிடித்துக்கொண்டது. ஒரு மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உண்மையில் புகை இருந்திருந்தால் அந்த இடத்தில்தான் நான் விழுந்திருப்பேன்.

தட்டுத் தடுமாறி வெளியே வந்தபோது அந்தப் பெண் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். தேருக்கு லீவு கேட்க முன்பக்கம் அலுவலகத்துக்குப் போயிருந்தவள், சைரன் அடித்ததும் அங்கே இருந்தவர்களோடு வெளியேறியிருக்கிறாள். ஓடிய ஆள் முன்பக்கம் போய்க் கேட்டு, நான் உள்ளே தேடிக்கொண்டிருந்தபோதே அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். செய்ய வேண்டியதை எல்லோரும் செய்திருந்தார்கள். குறைந்தது நான்தான்.

வாங்கும் கம்பெனிக்காரர் என் மூச்சு ஆறும்வரை காத்திருந்தார். "நீங்க யாருங்க?"

"டிரெய்னர், சார்."

"ஆள் குறைஞ்சா யாரும் உள்ள போகக் கூடாதுன்னு இவங்களுக்குச் சொல்லிக்குடுத்தது யாருங்க?"

மேலாளர் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காதான் பின்னாலிருந்து சொன்னார். "அவருதான் சார் சொல்லிக்குடுத்தாரு. எங்க எல்லாத்துக்கும் அவரு சொல்லிக்குடுத்தாரு. அவருக்குத்தான் ஒருத்தரும் சொல்லிக்குடுக்கல."

வாங்கும் கம்பெனிக்காரர் சிரிக்கவில்லை. எதையோ குறித்துக்கொண்டு போனார்.

அக்கா சொன்னது என்னைக் காப்பாற்றச் சொன்னதா, குத்திச் சொன்னதா என்று பல நாள் யோசித்தேன். எதுவானாலும் உண்மை. அத்தனை ஒத்திகையிலும் நான் வெளியே நின்று வேடிக்கை பார்த்தவன். ஒருமுறைகூட வரிசையில் நின்றதில்லை. ஒருமுறைகூட ஓர் ஆளையும் வேண்டுமென்றே குறைத்துவைத்துப் பார்த்ததில்லை. வராதவரை விட்டுவிட்டு நிற்பது என்ன பாடு என்று நான் காலில் பழகியதே இல்லை.

தேர் நிலைக்கு வந்த பிறகுதான் பதில் வந்தது. மேடம் படித்துச் சொன்னார். தொழிலாளிகள் நன்றாகச் செய்தார்கள். பயிற்சி கொடுப்பவருக்குப் பயிற்சி வேண்டும், கொடுத்து, நடந்ததைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும், அதைப் பார்த்து முடிவு சொல்வோம். "சரின்னும் சொல்லல, சரியில்லன்னும் சொல்லலண்ணே" என்றார் மேடம். மேலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு, "அப்ப இவருக்கு யாரு சொல்லிக்குடுக்கது?" என்று கேட்டார்.

என்னைக் கொண்டுபோய் அக்காவின் மேசையில் உட்காரவைத்தார்கள். துணி சுருட்டத் தெரியாமல் நான் திணறுவதைப் பார்த்து, "இதுல ஒரு காயத்தக் கட்டுனா காயமே பயந்து ஆறிப்போகும்" என்றார் அக்கா. சைரன் அடிக்கும் போதெல்லாம் அவர்களோடு எழுந்து, அவர்களோடு நடந்து, என் இடத்தில் நிற்பேன். "நிக்கணும்ணே. அசையக் கூடாது" என்பார் அக்கா, வாத்தியாரம்மா மாதிரி. யாரும் குறையாத வரை அது எளிதாகத்தான் இருந்தது.

படம் எடுக்கும் நாள் எது என்று மேடம் எங்களிடம் சொல்லவில்லை. அன்றைக்கு மரத்தடிக்கு வந்து வரிசையில் நின்றபோது எங்கள் மேசையிலிருந்து குரலே எழவில்லை. குரல் கொடுக்க வேண்டிய அக்காவைக் காணவில்லை.

எங்கள் மேசை ஒருவரையொருவர் பார்த்தது. இது திட்டமா, உண்மையா என்று எவருக்கும் தெரியவில்லை. முழங்காலில் அடிபட்ட அன்று அவர் படியில் கிடந்த கோலம் எனக்கு முன்னால் வந்து நின்றது. கதவு எனக்கு எதிரேதான் இருந்தது, திறந்தபடி. என் உடம்பு முன்னால் சாய்ந்தது. ஆலங்குளத்துப் பெண் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். பேசாத அந்தப் பெண், "ஒண்ணு கொறையுது!" என்று முன்பக்கத்துக்குக் கேட்கும்படி கத்தினாள். ஓட வேண்டியவள் ஓடினாள். நாங்கள் நின்றோம். வெறுங்காலில் வேப்பம்பழக் கொட்டைகள் குத்தின. கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று நினைத்தேன், மூடவில்லை. சைரன் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது.

கருவியோடு போன ஆட்கள் அக்காவைப் பின்கதவு வழியாகக் கூட்டி வந்தார்கள். மேடம் சொல்லித் துணிக் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாராம். "நான் உள்ள வெந்து கெடக்கேன், வெளிய ஒருத்தியாவது அழுதீகளாட்டி?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். பிறகு நான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்தார். அதே இடம். தன் இடத்துக்கு வந்து நின்று, எண்ணி, "முழுசா இருக்கோம்" என்றார்.

படம் போய்ச் சேர்ந்து சில வாரங்கள் கழிந்தன. ஒரு நாள் காலையில் மேலாளர் மாடிப்படியில் என்னை நிறுத்தினார். கையில் டீ இருந்தது.

"ராஜபாளையத்துல உன் மிஷினுக்கு வேற ஆளு போட்டாச்சு" என்றார்.

இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லையா? அவர் இரண்டு படி ஏறினார், நின்றார், திரும்பினார்.

"இன்னும் என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? புதுசா ஆறேழு பேரு வந்து கீழ உக்காந்திருக்காங்க. போயி சொல்லிக்குடு."